புண் இல்லாத முதுகு

என் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வீட்டில் வண்டி வண்டியாகப் புளுகுவாள். ஆனால் வார்டுக்குள் போய்விட்டால் ஒரு நாடித்துடிப்பைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதமாட்டாள். அந்த இரவில் நடந்ததையும் நேரம் போட்டுத்தான் எழுதி வைத்திருக்கிறாள். அந்தத் தாளை நானே பார்த்தேன். அதனால்தான் துணிந்து சொல்கிறேன். இது நடந்தது.

அக்காவுக்கு நர்ஸ் வேலையில் பதினான்கு வருஷப் பழக்கம். அன்று இரவு 8.10க்கு அவள் பொறுப்பேற்றபோது, கடைசி அறையில் புதிதாக ஒரு பெரியவர் சேர்ந்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சு போய், ஆறு வருஷமாகப் படுத்த படுக்கை. இப்போது நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். அக்கம்பக்கத்தார்தான் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியால் வர முடியவில்லையாம், பெரியவரின் தம்பி காலையில் வெளியூரிலிருந்து வருவார். பகல் நர்ஸுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அக்கா அவரைத் தலையிலிருந்து குதிகால் வரை பார்த்தாள். கண்ணில் விளக்கடித்தாள். மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணினாள். இருபத்தாறு. பிறகு வார்டு ஆயாவைக் கூப்பிட்டு, இருவருமாக அவரை ஒருக்களித்து முதுகைப் பார்த்தார்கள். அங்கேதான் அசந்துபோனாள். படுத்தே கிடப்பவர்களுக்கு எலும்பு அழுந்தும் இடத்தில்தான் முதலில் தோல் கெடும். பின்மண்டை, தோள்பட்டை, வாலெலும்பு, இடுப்பு, குதிகால். இவருக்கு ஒரு இடத்தில்கூடப் புண் இல்லை. லேசாகச் சிவந்திருந்த ஒரு இடத்தை விரலால் அழுத்தினாள். வெளுத்து, உடனே நிறம் திரும்பியது. நாக்கு வறளவில்லை. துணி சுத்தமாக இருந்தது.

இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைத்தால்தான் தோல் இப்படி இருக்கும். பகலும் இரவும், ஒரு வேளை விடாமல்.

“இவரப் பாத்துக்கிட்ட அம்மாவுக்குக் கோயில்தான் கட்டணும் சிஸ்டர்,” என்றாள் ஆயா.

10.00. இருவரும் சேர்ந்து அவரை இடப்பக்கமாகத் திருப்பினார்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு அண்டக்கொடுக்க ஒன்று. அக்கா நேரத்தையும் பக்கத்தையும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

12.00. போய்ப் பார்த்தபோது அவர் வலப்பக்கமாகப் படுத்திருந்தார்.

ஆயாதான் முந்திக்கொண்டாள் என்று நினைத்தாள். வேலை கச்சிதமாக இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைத்திருந்தது. ஆயாவைப் பாராட்டப் போனாள். ஆயா முழித்தாள். தான் அந்தக் கோடியில் படுக்கை மாற்றிக்கொண்டிருந்ததாகவும், அவ்வளவு கனமான மனுஷரைத் தனியாளாகத் திருப்ப யாராலும் முடியாது என்றும் சொன்னாள்.

அவர் தானாகத் திரும்ப வழியே இல்லை.

அக்கா திரும்பவும் அறைக்குப் போனாள். பெரியவரின் தோளில், சட்டை ஈரமாக இருந்தது. சலைன் கசிகிறதோ என்று குழாயைத் தடவிப் பார்த்தாள். கசிவு இல்லை. விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

ஐந்து விரல்கள். ஒரு உள்ளங்கை.

1.55. இந்தத் தடவை முன்னாலேயே போய் நின்றாள். பெரியவர் வலப்பக்கமாகத்தான் படுத்திருந்தார். 1.58க்கு வேறொரு அறையிலிருந்து மணி அடித்தது. ஆயாவையும் கூட்டிக்கொண்டு ஓடினாள். 2.03க்குத் திரும்பி வந்தார்கள்.

இடப்பக்கம்.

தோளில் புது ஈரம்.

ஆயா வாசலிலேயே நின்றுவிட்டாள். “நான் இனிமே இந்த ரூமுக்கு வரல சிஸ்டர். என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க.” அக்கா அவளை வற்புறுத்தவில்லை. தாளில் ‘2.00, இடது’ என்று எழுதினாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டாள்.

3.30. டாக்டர் சொல்லியிருந்தபடி, மூக்கு வழியாகப் போட்ட குழாயில் முதல் தடவையாகப் பால் கொடுத்தாள். கால்மாட்டுக் கைப்பிடியைச் சுற்றி, கட்டிலின் தலைப்பக்கத்தைச் சாய்நாற்காலி போல உயர்த்தி வைத்தாள். இதில் மட்டும் பிசகக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குத் தலை தாழக் கூடாது. தாழ்ந்தால் பால் மேலேறி நுரையீரலுக்குள் போகும். ஏற்கெனவே சளி கட்டிய நெஞ்சு... அதோடு முடிந்துவிடும்.

3.58. அவள் தனியாகக் கட்டிலருகே நின்றாள். நாடியைப் பிடித்தபடி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4.00.

‘சொட்... சொட்...’

தரையில் நீர் சொட்டும் சத்தம். அந்த அறையில் குழாயே கிடையாது.

முதுகுக்குக் கொடுத்திருந்த தலையணை மெல்ல வெளியே நகர்ந்தது.

பெரியவரின் தோள் மெத்தையை விட்டு எழுந்தது... அடியில் யாரோ கை கொடுத்ததுபோல.

‘கிரீச்...’

கட்டிலின் கால்மாட்டில் இருந்த கைப்பிடி சுற்றியது.

தானாக.

தலைப்பக்கம் இறங்கியது.

பெரியவர் இருமினார். தொண்டையில் களகளவென்று சத்தம்.

அக்கா பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். அசையவில்லை. உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினாள். இரும்பு சில்லென்று நனைந்திருந்தது. அவள் விரல்மேல் வேறு விரல்கள்...

கைப்பிடியை விடாமல் மெதுவாகப் பேசினாள்.

“யாரா இருந்தாலும் கேளுங்க. மூக்குல குழாய் போட்டிருக்கு. வயித்துல பால் இருக்கு. இப்பப் படுக்க வச்சா மூச்சு அடைச்சிடும். நாலரைக்கு நானே திருப்புறேன். சத்தியமா.”

சத்தம் நின்றது.

சொட்டுவதும் நின்றது.

பிறகு கைப்பிடி மறுபக்கம் சுற்றியது. நிதானமாக. தலைப்பக்கம் முன்பிருந்த உயரத்துக்கு வந்தது.

4.30க்கு அக்கா அவரைத் திருப்பினாள். தனியாகத்தான். எப்படி முடிந்தது என்று இன்றும் அவளுக்குத் தெரியவில்லை. பாதிப் பாரம்தான் இருந்தது என்கிறாள். முடித்ததும், “திருப்பிட்டேன்,” என்று காலி அறையைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்றும் நடக்கவில்லை.

7.20க்குத் தம்பி வந்தார். தூங்காத முகம். அவரைத் தேற்றுவதாக நினைத்து, உங்கள் அண்ணி அவரை எவ்வளவு அருமையாகப் பார்த்திருக்கிறார், நேற்று மாலை வரை ஒரு குறை வைக்கவில்லை என்றாள் அக்கா.

அவர் புரியாமல் பார்த்தார்.

“அண்ணி நாலு நாளைக்கு முன்னாடியே போயிட்டாங்க சிஸ்டர். குளிக்கிற ரூம்ல வழுக்கி விழுந்திருக்காங்க. தண்ணி திறந்தபடியே ஓடியிருக்கு. வாடை வந்துதான் நேத்து கதவ உடைச்சாங்க.”

நாலு நாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நாலு நாள் அசையாமல் கிடந்தவருக்குத் தோல் உரிந்து எலும்பு தெரிந்திருக்க வேண்டும். உயிரோடு இருந்திருக்கவே கூடாது. அக்கா முந்தைய இரவு தன் கையால் எழுதிய தாளை எடுத்துப் படித்தாள். பிறகு மூடி வைத்தாள்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். பதினோரு நாள் வார்டில் இருந்தார். ஒவ்வொரு தரமும் திருப்பிவிட்டு, “திருப்பியாச்சு,” என்று வாய்விட்டுச் சொல்லும்படி எல்லா நர்ஸுகளிடமும் அக்கா கேட்டுக்கொண்டாள். ஏன் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் பார்க்க வந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். நாலு நாளாக யாரும் போய்க் கதவைத் தட்டவில்லையே என்று அக்காவால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் அழுதுவிட்டாள்.

“எப்படி சிஸ்டர் சந்தேகம் வரும்? ரெண்டு மணிக்கொரு தரம் கட்டில் முனகும், அந்தம்மா அவர்கிட்ட ஏதோ பேசிக்கிட்டே திருப்புவாங்க. அந்த நாலு நாளும் எங்களுக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்துச்சு.”