தேன்மட்டத்துப் பாடம்

முதலியார்பேட்டைக் கலியமூர்த்தி அறுபது வயது வரைக்கும் ஏறிய உயரமான இடம், மூடிப்போன மில்லின் மூன்றாம் மாடி. புதுச்சேரிக்காரருக்கு அதற்கு மேல் ஏற என்னதான் இருக்கிறது? கோடு போட்டாற்போல தெருக்கள், கிழக்கே கடல், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதர் தேன்மட்டம் என்கிற சின்ன மலையூரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். அந்த ஊரை அப்போது அவர் கண்ணால் கூடப் பார்த்ததில்லை.

எல்லாம் மகள் பூவிழி சொன்னது. அவள் அங்கே ஒரு பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். ஊரின் வரலாற்றைப் பிள்ளைகளையே எழுத வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நாளைக்கு நடத்த வேண்டிய பாடத்தை இன்று சாயங்காலமே போனில் அப்பாவிடம் நடத்திப் பார்ப்பாள். எட்டாம் வகுப்போடு மில்லுக்குப் போன கலியமூர்த்தி அறுபது வயதில் நல்ல மாணவர் ஆனார். கேட்டால் டக்கென்று பதில் வரும்.

"தேன்மட்டம் எப்படிப்பா ஊராச்சு?"

"மொதல்ல சதுப்பு நெலம். வெள்ளக்காரன் கரை கட்டி ஏரியாக்கினான். அப்புறம் காப்பித் தோட்டம். அப்புறம் பஸ் வந்துச்சு, லாட்ஜ் வந்துச்சு."

"லாட்ஜ எங்க கட்னாங்க?"

"சரிவ வெட்டி. பழைய ஓடைய மூடி."

"நம்ம கடல்ல கெளம்புற மழ எங்க போய்க் கொட்டும்?"

"உங்க மலையில மோதித்தான்."

நூற்றுக்கு நூறு என்பாள். "அப்பனுக்கும் பொண்ணுக்கும் வேற வேல இல்ல" என்பாள் மனைவி கமலா. அவளுக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

இரண்டு வருஷத்துக்கு முந்திய கார்த்திகையில், புயல் புதுச்சேரிக்குத்தான் வருகிறது என்று சொல்லிவிட்டார்கள். கமலா கடைக்குப் போயிருந்த நேரம் பூவிழி கூப்பிட்டாள்.

"ஸ்கூல்ல நாலு நாள் லீவு குடுத்துட்டாங்கப்பா. மத்தியான பஸ்ஸுல வந்துடறேன்."

"வேணாம் கண்ணு. இங்க வாய்க்கா ரொம்பி வூட்டுக்குள்ள தண்ணி வந்துடும். மேட்டுல இருக்கறவ பள்ளத்துக்கு எதுக்கு வர்ற?"

"இங்கயும் மழ வுடவே இல்லப்பா. பயமா இருக்கு. வரேனே."

"சொன்னா கேளு. அங்கயே இரு."

வெள்ளத்தையே பார்த்து வளர்ந்தவர். மேடு என்றால் தப்பித்த இடம் என்றுதான் நம் ஊரில் எல்லோருக்கும் நினைப்பு. கமலா வந்து, பூவிழி வரவில்லையா என்று கேட்டபோது, சண்டை எதற்கு என்று, "லீவு இல்லியாம்" என்று சொல்லி வைத்தார். அன்றே கரண்டும் போனும் போய்விட்டன.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மிக்ஸியையும் அரிசியையும் கட்டில் மேல் ஏற்றினார். பிள்ளை மேட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று நிம்மதியாகக்கூட இருந்தார். அதே மழை மேற்கே போய் மலையில் மோதியது. மறுநாள் விடிகாலையில் பழைய ஓடைச் சரிவு இறங்கி வந்தது. பூவிழியின் வாடகை வீடு அதன் அடியில்தான் இருந்தது.

மகளை எடுத்துவரத்தான் கலியமூர்த்தி முதன்முதலாகத் தேன்மட்டம் போனார். யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை.

லீவு கொடுக்காத ஹெட்மாஸ்டர்தான் பெண்ணைக் கொன்றார் என்று கமலா தினமும் விளக்கேற்றும்போது திட்டித் தீர்த்தாள். கலியமூர்த்தி தான் சொன்ன பொய்யைத் திருத்தவில்லை. பெண் போன துக்கம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

போன மாதம் அந்த ஹெட்மாஸ்டர் கண்ணையன் வீடு தேடி வந்தார். பிள்ளைகள் எழுதி முடித்த ஊர் வரலாறு புத்தகமாகக் கையில் இருந்தது. முதல் பக்கத்தில் பூவிழியின் படம். கமலா வாசலை மறித்துக்கொண்டாள்.

"நீங்க லீவு குடுத்திருந்தா எம் பொண்ணு இன்னிக்கு இருந்திருக்கும். எந்த மூஞ்சிய வச்சிக்கினு வந்தீங்க?"

கண்ணையன் திகைத்துப்போய்க் கலியமூர்த்தியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிருங்கம்மா" என்றார்.

செய்யாத தப்புக்கு ஒருவர் தன் வாசலில் கைகட்டி நிற்பதைக் கலியமூர்த்தியால் தாங்க முடியவில்லை.

"அவரு லீவு குடுத்தாரு கமலா. அது வரேன்னுதான் சொல்லுச்சு. நாந்தான் மேட்டுலயே இருன்னேன்."

கமலா ஹெட்மாஸ்டரை உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"வரேன்னு எத்தினி வாட்டி சொல்லுச்சு?"

கேட்டதும் டக்கென்று பதில் சொல்கிற மாணவர். அன்று பதில் வர வெகுநேரம் ஆயிற்று.

"ரெண்டு வாட்டி."