விரிசல் விட்ட அடுப்பு

திருப்பதியில் ஒரு சத்திரத்தின் பின்கொட்டகையில் நாங்கள் பதினோரு பெண்கள் இருந்தோம். வீடு வாசல் இல்லாதவர்கள். புருஷன் செத்ததும் கார்வேட்டிநகரம் பக்கம் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கொழுந்தன்கள் என்னை வெளியே தள்ளினார்கள். நான்கு வயது மகளோடு இங்கே வந்து சேர்ந்தேன். எங்களுக்குக் கைத்தொழில் பழக்க, வாரம் இரண்டு நாள் ஓர் அம்மாள் வண்டியில் களிமண் கொண்டுவந்து இறக்குவார். சொல்லித்தர ஒரு குயவரும் வருவார். நாங்கள் செய்ய வேண்டியது அகல் விளக்கு மட்டும்தான். விளக்கேற்ற வீடில்லாதவளுக்கு அகல் எதற்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை எது என்று இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்த காலம். ஊர்க்குடிகளை எழுத ஒரு குமாஸ்தா தெருத்தெருவாக வந்தார். பெயர் ஏறாதவர்களை ரயிலேற்றி அரக்கோணம் பக்கம் தள்ளிவிடுவார்கள் என்று பேச்சு. கொட்டகையை எட்டிப் பார்த்தவர், தனி அடுப்பு எரிந்தால்தான் ஒரு குடும்பம் என்றார். நாங்களோ சத்திரத்துக் கஞ்சி குடிப்பவர்கள். மூன்று நாள் கழித்து மிச்ச வீடுகளை எழுத வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மண் வந்தது. நான் அகலைத் தொடவில்லை. உமி கலந்து பிசைந்து, மூன்று குமிழ் வைத்து அடுப்புப் போட்டேன்.

“இன்னாம்மா, அகல் செய்யச் சொன்னா அடுப்பு போட்டுக்கினு கீற?” என்றார் குயவர்.

“அகல்ல சோறு வேவுமாண்ணே?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நெழல்ல பத்து நாள் காயணும். அவசரப்பட்டு நெருப்பு வச்சா விரிஞ்சிடும்.”

எனக்கு ஏது பத்து நாள்?

மூன்றாம் நாள் காலை கொட்டகை வாசலில் அடுப்பை மூட்டினேன். பூக்கட்டிக் கொடுத்து வாங்கிய அரைப்படி அரிசி. உலை கொதிக்கும் முன்பே அடுப்பு வாயிலிருந்து அடிவரை பிளந்தது. ஈரமண்ணை அப்பிக்கொண்டே ஊதினேன். சாய்ந்த சட்டியைக் கந்தல் துணியால் பிடித்துக்கொண்டேன். சுட்டது. விடவில்லை.

அந்த நேரம் பார்த்து குமாஸ்தா வந்து நின்றார்.

“இது அடுப்பா? விரிஞ்சி கீதே.”

“உங்க வூட்டு அடுப்பு விரிஞ்சா, உங்களுக்கு வூடே இல்லன்னு எழுதிக்குவீங்களா சார்?”

“நோரு ஜாஸ்தி நீக்கு,” என்று தெலுங்கில் முணுமுணுத்தார். வாய் அதிகமாம் எனக்கு. இருக்கட்டுமே, வாயுள்ள பிள்ளைதானே பிழைக்கும்.

என் பெயரைச் சொன்னேன், மகள் பெயரையும் சொன்னேன். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் நோட்டில் இரண்டு வரி ஏறும்வரை அவரை நகரவிடவில்லை.

“மத்தவங்க?” என்றேன்.

“அடுப்பு எங்க? நாளைக்குக் காலையில கடைசியா வருவேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் மண்வண்டி வந்தது. குயவர் என் அடுப்பின் விரிசலைக் குனிந்து பார்த்தார். அம்மாள் வழக்கம்போல அகலுக்கு மண்ணை உருட்டி வைத்தார். மற்ற பத்துப் பேரும் உமி எங்கே என்று கேட்டார்கள்.