தூண் குறைந்த பாலம்

சீனாவோடு சண்டை நடந்துகொண்டிருந்த ஐப்பசி மாதம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் எனக்கு நேர்ந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

அப்போது நான் திருச்சியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. சொந்த ஊர் லால்குடிப் பக்கம். கல்யாணமான கையோடு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிவந்திருந்தோம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலே போயிருந்த காகிதம் கையெழுத்தாகி எந்த நாளும் வரலாம் என்று காத்திருந்தேன். போலீஸிலிருந்து என்னைப் பற்றி விசாரித்து ஒரு வரி போனாலும் போதும், அந்தக் காகிதம் அங்கேயே படுத்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எனக்குப் படம் வரைகிற கிறுக்கு உண்டு. யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. தொட்டு எழுதும் பேனாவால் கறுப்பு மையில் கோடு போட்டு, காய்ந்ததும் அதன்மேல் வாட்டர் கலரைக் கரைத்து விடுவேன். வீட்டில் இதற்கென்று தனி இடமெல்லாம் கிடையாது. அரிசிப் பானைக்கும் குழந்தையின் தூளிக்கும் நடுவில் கிடைத்த இடம்தான். ஒரு தடவை மண்ணச்சநல்லூரிலிருந்து வந்திருந்த என் மாமனார், ஜன்னலில் இருந்த டம்ளரைச் சுக்குக் காப்பி என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டார். நான் தூரிகை கழுவிய தண்ணீர் அது. மனிதர் முகம் சுளிக்காமல், "சர்க்கரை போடலியா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து என் வர்ணத்துக்கென்று ஒரு கொட்டாங்கச்சி ஒதுக்கப்பட்டது.

ஒதுக்கியவள் என் மனைவி. அவள் என் படங்களைப் பற்றி நல்லது கெட்டது எதுவும் சொன்னதில்லை. "காஞ்சதும் எடுத்து வைங்க, பையன் மிதிச்சிடுவான்" என்பாள், அவ்வளவுதான். அலுவலகத்தில் நண்பர்கள் "போட்டோ மாதிரி இருக்கு சார்" என்று சொல்லும்போது உச்சி குளிர்ந்துபோகும். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்கு இதில் ருசி இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனாலும் மனசுக்குள் ஒரு குறை இருந்தது உண்மை.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு ஆற்றுக்குப் போவோம். அவள் படித்துறையின் கோடியில் ஒரு வாரத்துத் துணியைத் துவைப்பாள். ஐந்து வயதுப் பெண் அவளோடு. இரண்டு வயதுப் பையன் என் பொறுப்பு. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிற காலம். அதனால் அவன் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டி, மறுமுனையை என் கணுக்காலில் முடிந்துகொண்டு மேல்படியில் உட்கார்ந்து வரைவேன். நாலைந்து வாரமாக ரயில் பாலத்தைத்தான் பிடித்து வைத்திருந்தேன். செம்மண் நிறத் தண்ணீரும், பாலமும், புகை விட்டுக்கொண்டு போகிற வண்டியும் என்னை விடவில்லை.

அன்று கோடு போட்டு முடித்து வர்ணத்தில் கை வைக்கப்போகும் நேரம், பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓய், என்ன பண்றீர் இங்கே?"

திரும்பிப் பார்த்தேன். ஐப்பசி மாதக் காவிரியில் துலா ஸ்நானம் முடித்து, ஈர வேஷ்டியும் பளிச்சென்ற திருமண்ணுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். படம் வரைகிறேன் என்றேன்.

"அது தெரியறது. பாலத்தை எதுக்கு எழுதறீர்? யுத்த காலமோன்னோ? போன வாரமும் இதே இடத்துல இதே பாலத்தைப் பாத்துண்டு உக்காந்திருந்தீர்."

அந்த நாட்களில் ரேடியோவைத் திறந்தால் சண்டைச் செய்திதான். புது ஆள் யார் வந்தாலும் ஒற்றனாக இருப்பானோ என்று ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது. நான் பதில் சொல்வதற்குள் சுற்றிப் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். துலா மாதக் கூட்டத்துக்காகப் படித்துறை ஓரமாகவே போலீஸார் ஒரு தட்டிக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்து, "எழுந்திரிங்க சார், ஐயா கூப்பிடறார்" என்றார்.

எழுந்தேன். காலில் கட்டியிருந்த பையன் தொபுக்கென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். ஒற்றனைப் பார்க்கக் கூடி நின்றவர்களில் ஒரு அம்மாள் அவனுக்குக் கை நிறையப் பொரி கொடுத்தாள். அவனைத் தூக்கிக்கொண்டு, ஒரு காலில் துண்டு தொங்க, கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என் வயதுக்காரர். படப் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். பக்கத்துக்குப் பக்கம் பாலம். ஓரத்தில் வண்டி கடக்கிற நேரம் குறித்திருந்தது. அந்த நேரத்து வெளிச்சத்துக்காக நான் குறித்துவைத்தது. நடுநடுவே 'க.நீ.', 'ப.ம.' என்று எழுத்துகள்.

"இது என்ன சங்கேதமா?"

"வர்ணம் சார்" என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான், வேறு யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். அவர் படங்களை அவ்வளவு நேரம், அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தார். என் படத்தை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

"பார்த்தது பார்த்தபடி போடுவீங்களோ?" என்று கேட்டார்.

"அச்சு அசலா இருக்கும் சார். ஒரு கோடு மாறாது" என்றேன், பெருமையாக.

"அதை அப்படியே எழுதிக்கய்யா" என்றார் அவர் கான்ஸ்டபிளிடம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சப்-இன்ஸ்பெக்டர் என் அலுவலகத்தின் பெயரைக் கேட்டார். "பயப்படாதீங்க. நாளைக்கு உங்க ஆபீசுக்கு எழுதி விசாரிச்சுக்கறோம். புத்தகம் இங்க இருக்கட்டும்" என்றார். கையெழுத்துக்குக் காத்திருந்த காகிதம் கண் முன்னால் வந்தது. இரண்டு குழந்தைகளோடு லால்குடிக்குத் திரும்பிப்போய் அப்பா முன்னால் நிற்பதுபோல ஒரு காட்சியும் கூடவே வந்தது.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் மனைவி வந்தாள். ஒரு கையில் பிழிந்த துணி நிறைந்த வாளி, மறு கையில் பெண். என்னைப் பார்த்தாள், பொரி தின்னும் பையனைப் பார்த்தாள், வாளியைக் கீழே வைத்தாள்.

"இவர் என்ன சார் தப்பு பண்ணினார்?"

சப்-இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே சொன்னார். பாலம், வண்டி நேரம், சங்கேத எழுத்து, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கோடுகூட மாறாது என்று நானே கொடுத்த வாக்குமூலம்.

அவள் முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் புத்தகத்தை இப்படிக் குடுங்க" என்று வாங்கி, தேடாமல் ஒரு பக்கத்தைத் திறந்து, பாலத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இதையா சார் எதிரிக்கு அனுப்பப் போறாரு? அங்க தூண் எத்தனை இருக்கு, இதுல எத்தனை இருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க. பாதிகூட இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வெளியே வந்து எண்ணினார். கான்ஸ்டபிளும் விரலை நீட்டி எண்ணினார். கூட்டமே எண்ணியது.

"மலைக்கோட்டை எங்க இருக்கு? அதோ, அந்தப் பக்கம். இவர் அதைத் தூக்கிக்கிட்டு வந்து பாலத்துக்கு இந்தப் பக்கம் வச்சிருக்காரு. இந்த ஓடத்தைப் பாருங்க. ஆத்துல ஓடமே கிடையாது. எடம் வெறிச்சுனு இருந்தா ஒரு ஓடம் வச்சிடுவாரு. இதுல ரயில் இந்தாண்ட போவுது, புகை அதுக்கு முன்னாடி ஓடுது. எந்த ஊர்ல சார் புகை எஞ்சினுக்கு முன்னாடி போவும்?"

"அது வந்து, அந்த மூலையில ஆகாசம் காலியா இருந்தா படம் ஒரு பக்கமா சாஞ்சு..." என்று ஆரம்பித்தேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "இது எங்க பொண்ணு. இந்தக் கையில விரலை எண்ணுங்க, ஆறு இருக்கும். இது நானாம். காது மட்டும்தான் என்னுது. க.நீ.ன்னா கருநீலம், ப.ம.ன்னா பழுப்பு மஞ்சள். அந்தக் கட்டி ரெண்டும் தீர்ந்து போச்சு. வாங்கற வரைக்கும் எழுத்தைப் போட்டு வச்சிருக்காரு."

சப்-இன்ஸ்பெக்டர் என் வர்ணப் பெட்டியைத் திறந்தார். இரண்டு குழிகள் காலியாக இருந்தன. முதலில் என்மேல் சந்தேகப்பட்ட பெரியவரோ இதற்குள் கட்சி மாறிவிட்டார். புத்தகத்தை எட்டிப் பார்த்து, "மலைக்கோட்டையை இப்படியா போடுவா? பிள்ளையார் சறுக்கி விழுந்துடுவார் ஓய்" என்றார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"என்ன சார், அச்சு அசல்னு சொன்னீங்களே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. ஒற்றன் என்று ஒப்புக்கொள்வதுகூட அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

"இல்ல சார். எனக்கு அவ்வளவு சரியா வரைய வராது" என்றேன்.

கான்ஸ்டபிள் எழுதிய தாளை அவர் கிழித்துப் போட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, "சண்டை முடியற வரைக்கும் பாலம், ஸ்டேஷன் பக்கம் வேணாம். கோபுரத்தை வரைங்க, யாரும் கேக்க மாட்டாங்க" என்றார்.

"கோபுரத்துல நிலையை முழுங்கிடாதேயும்" என்றார் பெரியவர்.

வீட்டுக்குத் திரும்பும்போது வாளியை நான் வாங்கிக்கொண்டேன். உயிர் திரும்பி வந்த நிம்மதி ஒரு பக்கம். ஊர் கூடி என் படத்தைப் பார்த்துச் சிரித்த எரிச்சல் ஒரு பக்கம். அப்புறம்தான் ஒன்று மண்டையில் ஏறியது. தூண், ஓடம், புகை, தீர்ந்துபோன வர்ணக் கட்டி எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கத்தில் எது என்று தேடாமல் திறக்கிறாள். ஈரக் கை பட்டால் வர்ணம் கலைந்துவிடும் என்று, அந்தப் பதற்றத்திலும் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டிருக்கிறாள்.

"நீ இதையெல்லாம் எப்பப் பார்த்தே?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை நீங்க ஆபீஸ் போனதும் பாப்பேன். பையன் தூங்கற நேரத்துல."

"ஒவ்வொரு திங்கக்கிழமையுமா?"

"ஆமா."

"இத்தனை தப்பு இருக்குன்னு ஒரு நாள் சொல்லியிருக்கலாமே?"

அவள் பையனை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "நீங்க கேக்கல. நானா சொல்லி, நீங்க ரோஷப்பட்டு விட்டுட்டா? அப்புறம் திங்கக்கிழமை நான் எதைப் பாக்கறது?"

நடுத்தெருவில் வாளியோடு நின்றுவிட்டேன். "என்னங்க, தண்ணி சொட்டுது, நடங்க" என்றாள்.

தை மாதம் வேலை நிரந்தரமாகிக் காகிதம் வந்தது. முதல் வேலையாகக் கருநீலக் கட்டி ஒன்று வாங்கினேன். சண்டை ஓய்ந்து ரொம்ப நாள் கழித்து மறுபடி படித்துறைக்குப் போய், அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் எண்ணிச் சொல்லச் சொல்ல எல்லாத் தூணையும் போட்டு ஒரு பாலம் வரைந்தேன். மலைக்கோட்டையை அதன் இடத்திலேயே வைத்தேன். புகை எஞ்சினுக்குப் பின்னால் போயிற்று. முடித்துக் காட்டியபோது, தலையைச் சாய்த்து வெகு நேரம் பார்த்தாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா பழைய படமே தேவலை" என்றாள்.

அந்தப் பழைய படம்தான் இன்றும் எங்கள் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. புதிதாக எது வரைந்தாலும், காய்வதற்கு முன்னால் சமையலறை வாசலில் கொண்டுபோய் நிற்கிறேன். அவளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். போட்டோ மாதிரி இருக்கிறது என்று ஊரே சொல்வதைவிட, ஒரு தூணைக் காணோமே என்று சொல்ல வீட்டில் ஒருத்தி இருப்பதுதான் பெரிய பாக்கியம் என்று எனக்குத் தெரியவந்தது, போலீஸ் கொட்டகையில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.