வடக்கே நின்ற சூரியன்

இராசமலர் இதுவரை அறுபத்தொரு நாவல்கள் எழுதியிருக்கிறார். அவற்றில் செவ்வாய்க்கு அரிசி ஏற்றிப்போகும் கப்பல் உண்டு, சிறகு முளைத்த யானைப்படை உண்டு, நினைவுகளை வாடகைக்கு விடும் நகரம்கூட உண்டு. ஆனால் அவர் கல்யாணமான நாள் முதல் குடியிருக்கும் ஆக்லாந்து ஒரு பக்கத்திலும் வராது. ஏன் என்று கேட்டால், தன் யாழ்ப்பாணத் தமிழில், "அதைத்தான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனே, பிறகு என்னத்துக்கு எழுதோணும்?" என்பார்.

எழுத்தை நம்பி அடுப்பு எரியாது என்பதால் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் அவருக்கு வேலை. வயதானவர்கள் சாப்பிடவேண்டிய மாத்திரைகளைத் திங்கள் காலை, திங்கள் மாலை என்று அட்டைக் குழிகளில் பிரித்துப்போட்டு ஒட்டுகிற வேலை. அங்கே ஒரு மாத்திரைகூட இடம் மாறக்கூடாது. அந்தக் கெடுபிடிக்கெல்லாம் சேர்த்துவைத்து ரயிலில் பழிதீர்த்துக்கொள்வார். வீட்டுக்குப் பக்கத்து ஒனிஹங்கா ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தால் கைப்பேசியை எடுத்துக் கட்டைவிரலால் தட்டத் தொடங்குவார். போகும்போது ஐந்நூறு சொல், வரும்போது ஐந்நூறு சொல். வீடு கடைசி ஸ்டேஷனில் இருப்பதால் இறங்க மறந்துவிடும் பயம் இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஒருநாள் ஒரு டிராகன் முட்டை பொரிகிற நேரமாகப் பார்த்து ரயில் ஒனிஹங்காவுக்கு வந்துவிட்டது. இராசமலர் அசையவில்லை. அதே ரயிலில் திரும்ப நகரத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

கணவர் ரவிசங்கர் திருச்சிக்காரர். வீட்டுக் கூரைகளில் சோலார் பேனல் மாட்டுகிற வேலை. கதை எழுதத் தெரியாது, ஆனால் கதைக்குக் காவல் இருக்கத் தெரியும். மூன்றாம் பாகத்தில் செத்த குதிரை ஒன்று ஐந்தாம் பாகத்தில் கனைத்ததை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரு பதவி கிடைத்தது. கம்ப்யூட்டரில் பெரிய அட்டவணை ஒன்று போட்டு வைத்திருக்கிறார். யாருக்கு எந்தக் கன்னத்தில் மச்சம், எந்தக் கோட்டைக்கு எத்தனை வாசல், யார் எப்போது செத்தார் என்று ஆயிரத்துச் சொச்சம் பேருடைய ஜாதகம் அதில் இருக்கிறது. இராசமலர் குளியலறைக்குள் இருந்தபடியே, "இஞ்சேருங்கோ, அந்த ஒற்றைக்கண் தளபதிக்கு எந்தக் கண் இல்லை?" என்று கத்துவார். இவர் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "இடது!" என்பார். இந்த வீட்டில் தாம்பத்தியம் என்பது பெரும்பாலும் இதுதான். ரவிசங்கருக்கு இதைவிட வேறு சந்தோஷம் தேவைப்பட்டதும் இல்லை.

போன செப்டம்பரில் அந்தக் கடிதம் வந்தது. வெண்கூர் நாடு என்ற கற்பனை ராஜ்ஜியத்தைப் பற்றிப் பன்னிரண்டு பாகமாக எழுதிக்கொண்டிருந்த நாவலில் பதினொன்று அச்சாகியிருந்தன. கடைசிப் பாகத்தில் ஒன்பது அத்தியாயம் முடிந்திருந்தது. ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்கு எல்லாவற்றையும் திருத்தி ஒரே பெட்டியில் வெளியிடுவதாகச் சென்னைப் பதிப்பாளர் ஜனார்த்தன் விளம்பரமும் செய்துவிட்டார். அந்த நேரத்தில் தென்காசியிலிருந்து சுப்பிரமணியன் என்ற ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் நாலு பக்கம் கையால் எழுதி, அதைப் படம்பிடித்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார்.

மனிதர் பதினொரு பாகத்தையும் கரைத்துக் குடித்திருந்தார். வெண்கூர் நாட்டில் மார்கழி உச்சிவேளையில் சூரியன் வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது. ஆடி மாதத்தில் உறைபனி கொட்டுகிறது. நம் ஊரில் மார்கழிச் சூரியன் தெற்கே அல்லவா சாய்ந்திருக்கும்? ஆகவே இது பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே உள்ள நாடு. சரி, இருக்கட்டும். ஆனால் அவ்வளவு தெற்கே போனால் அருந்ததி நட்சத்திரம் கண்ணிலேயே படாது. அம்மையாரோ பதினொரு பாகத்தில் பதினாலு கல்யாணம் நடத்துகிறார். பதினாலிலும் மாப்பிள்ளை பெண்ணை வெளியே அழைத்துவந்து அருந்ததி காட்டுகிறான். ஒன்று சூரியன் பொய், இல்லை அருந்ததி பொய். இதுவரை மரியாதையாகத்தான் இருந்தது. கடைசி வரியில்தான் ஊசி இருந்தது: "அம்மையார் வேகமாக எழுதுகிறார். நின்று ஒருமுறை தம் நாட்டின் வானத்தை அண்ணாந்து பார்த்ததாகத் தெரியவில்லை."

ஜனார்த்தன் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மேடம், சிம்பிள். வடக்குன்னு இருக்கறதை எல்லாம் தெற்குன்னு மாத்திடுவோம். கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை" என்றார். ரவிசங்கர் ஒரு பிரதியில் அதைச் செய்து பார்த்தார். இளவரசன், தெற்கு வாசல் மூடியிருந்ததால் தெற்கு வாசல் வழியாகத் தப்பித்தான். இதைப் படித்துக்காட்டினால் மனைவி சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"இனிக் காணும், எழுதினது போதும்" என்றார் இராசமலர். "அவர் சொன்னது சரிதானே. மிஷின் மாதிரி அடிச்சுத் தள்ளியிருக்கிறன். நான் கண்டதெண்டு நினைச்ச ஒரு நாட்டை நான் காணவே இல்லை."

அதோடு எழுத்து நின்றது. ரயிலில் கைப்பேசியைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துப் போய்வந்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு அத்தியாயம் எழுதுகிறவர், மசாலா டப்பாக்களை எல்லாம் இறக்கிக் கழுவித் துடைத்து ஏற்றினார். அடுத்த ஞாயிறு மறுபடியும் அதே டப்பாக்கள். எழுதத் தொடங்கிய இந்த இருபத்திரண்டு வருடத்தில் காய்ச்சலில்கூட எழுதாமல் இருந்ததில்லை அவர். குளியலறையிலிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. ரவிசங்கர் தோசையைத் திருப்பிப் போட மறந்து கருகவிட்டார். தளபதிக்கு எந்தக் கண் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று ஏங்கினார். எல்லாவற்றையும் சரிபார்க்கும் ஆள் தானாக இருந்தும் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்ற கேள்வி வேறு அரித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுதுவதை நிறுத்திய பத்தொன்பதாம் நாள் பாபகூராவில் ஒரு வீட்டுக் கூரைமேல் நின்றபோது அதற்குப் பதில் கிடைத்தது. வீட்டுக்காரர் கீழேயிருந்து, பேனலை எந்தப் பக்கம் மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். "வடக்குப் பக்கம்தான், வெயில் அங்கேதானே" என்று யோசிக்காமலே சொன்னார். சொன்னவர் அப்படியே கூரை முகட்டில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்து வருடமாக அவர் பிழைப்பே வடக்கே நிற்கும் சூரியன்தான். அது கதையில் வந்தால் அவருக்கு எப்படித் தப்பாகப் படும்? அடுக்கடுக்காக ஞாபகம் வந்தது. வெண்கூர் நாட்டின் கடலோரப் பாறைகளில் மார்கழியில் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் மரம், இங்கே கிறிஸ்துமஸுக்குத் தெருவெல்லாம் பூக்கிற பொஹுடுகாவா. குடையைப் புரட்டிப்போடும் ஆடிக்காற்று, ஒனிஹங்கா ஸ்டேஷனில் வருடாவருடம் மனைவியின் குடையைத் தின்கிற அதே காற்று. நாடு நாடாகத் தேடிப்போய் எழுதுவதாக நினைத்துக்கொண்டு, தினமும் பார்ப்பதைத்தான் எழுதியிருக்கிறாள்! அண்ணாந்து பார்க்காதவளாம். ரவிசங்கருக்குத் தென்காசி ஆசிரியர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, மனைவிமேல் வந்த பிரியத்துக்கும் அளவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினார். இராசமலர் பொறுமையாகக் கேட்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு மறுபடி இருண்டது.

"ஓம், சூரியனுக்கு ஒரு நியாயம் சொல்லிட்டியள். அருந்ததிக்கு என்ன சொல்லப்போறியள்? அதை நான் இஞ்ச பாக்கேல்லையே. சும்மா எழுதினனான்."

ரவிசங்கர் நட்சத்திரம் காட்டும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிப் பார்த்தார். அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் அருந்ததி தரைக்குக் கீழேயே இருந்தது. ஒரு நேரம் ஃபிரிட்ஜுக்கு அடியில் காட்டியது. ஆசிரியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

விட மனமில்லாமல் சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பதினாலு கல்யாணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்தார். ஞாயிறு மதியம் இராசமலர் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாசித்தார். உப்பு வணிகன் மகள் கல்யாணம்: மாப்பிள்ளை கை நீட்டினான், பெண், 'தெரிகிறது' என்றாள். தளபதியின் தங்கை கல்யாணம்: கை நீட்டினான், 'தெரிகிறது' என்றாள். ராணியின் கல்யாணமும் அப்படித்தான். ஏழாவதில் நிறுத்திவிட்டார்.

"மலர், ஒண்ணு கேக்கறேன். ஒரு கதவுத் தாழ்ப்பாளுக்கு அரைப்பக்கம் எழுதுற ஆளு நீ. இந்தப் பதினாலுல ஒண்ணுலகூட நட்சத்திரம் எப்படி இருந்துச்சுன்னு எழுதவே இல்லையே. மின்னுச்சா, மங்கலா இருந்துச்சா, ஒரு வார்த்தை இல்ல. எல்லாப் பொண்ணும் தெரியுதுன்னு சொல்றா, அவ்வளவுதான். ஏன்?"

இராசமலர் குழாயை மூடினார்.

"ஏனெண்டா எனக்குத் தெரியாது. எங்கட கலியாணத்தில நீங்கள் காட்டேக்க எனக்கு ஒண்டும் தெரியேல்லை."

அவர்கள் கல்யாணம் ஒனிஹங்காவில் ஒரு மண்டபத்தில், ஆவணி மாதம், பட்டப்பகலில் நடந்தது. பெண் வீட்டார் யாழ்ப்பாணம், மாப்பிள்ளை வீட்டார் திருச்சி. ஆனால் அருந்ததி பார்க்கவேண்டும் என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. வெளியே மழை. ஐயர் இருவரையும் மண்டப வாசலுக்கு அழைத்துவந்து, வடக்கே காட்டுங்கோ என்றார். மாப்பிள்ளை விறைப்பாகக் கை நீட்டினார். பெண் பார்த்தது கறுத்த முகிலை மட்டும்.

"பகல்ல எவளுக்கும் தெரியாதுதான். ஆனா நீங்கள் அவ்வளவு நம்பிக்கையாக் கையை நீட்டினியள். தெரியேல்லை எண்டா உங்கட முகம் வாடிப்போயிடும் எண்டு நினைச்சன். அதுதான் தெரியுது எண்டு சொன்னனான். பதினாலு பொம்பிளையளையும் அதையே சொல்ல வைச்சிருக்கிறன் போல."

ரவிசங்கருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கச் சிரித்தார். "நான் மட்டும் என்னத்தைப் பாத்தேன்? இந்த ஊருக்கு வந்து எட்டு மாசம். எது வடக்குன்னே தெரியாது. எதிர்ல ஒரு லாரி நின்னுச்சு, அதுக்கு மேல காட்டினேன். நீ தெரியுதுன்னதும், பரவாயில்லையே, கரெக்டாத்தான் காட்டிருக்கோம்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கேன்."

இராசமலர் ஈரக் கையோடு அவரைப் பார்த்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு சிரிக்கத் தொடங்கியவர் அரிசிப் பானையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை நாளும் சேர்த்துவைத்த சிரிப்பு. சட்டென்று நிறுத்தி, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"வெண்கூர் ஆக்களும் எங்கயோ வடக்கயிருந்து கப்பலில வந்த சனம்தான். வரேக்க சடங்கைக் கொண்டுவந்திட்டினம், நட்சத்திரம் கூட வரேல்லை. எல்லாப் பெடியனும் காட்டுறான், எல்லாப் பெட்டையும் தெரியுது எண்டுறாள். ஒருத்தி இல்லையெண்டு சொன்னால்தான் அவையளுக்குத் தாங்கள் ஆரெண்டு விளங்கும். அதுதான் கடைசிப் பாகம்!"

சோற்றைக் கணவர் பாடு என்று விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் கைப்பேசியோடு உட்கார்ந்தார். முதலில் தென்காசிக்கு இரண்டு வரி போயிற்று: 'ஐயா, அண்ணாந்து பார்த்தேன். அருந்ததி இல்லை. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.' பிறகு கட்டைவிரல் ஓடத் தொடங்கியது. ரவிசங்கர் சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, சத்தம் வராமல் வெங்காயம் நறுக்கினார். கண்ணில் நீர் வந்ததற்கு நல்ல காரணம் ஒன்று கிடைத்தது.

"இஞ்சேருங்கோ" என்றார் இராசமலர், தலை நிமிராமல்.

"சொல்லு."

"அண்டைக்கு நான் தெரியேல்லை எண்டு சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்?"

ரவிசங்கர் கத்தியை வைத்துவிட்டு யோசித்தார். ஐயர் காத்திருந்ததும், பசியோடு உறவுக்காரர்கள் நின்றதும், மழையும் நினைவுக்கு வந்தன.

"எனக்கும் தெரியலன்னு சொல்லியிருப்பேன். அப்புறம் உன் பக்கத்துல வந்து நின்னு, ரெண்டு பேருமாத் தேடியிருப்போம்."

இராசமலரின் கட்டைவிரல் ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. பன்னிரண்டாம் பாகத்தில் பதினைந்தாவது மாப்பிள்ளை செய்வதும் அதையேதான், ஒன்றுகூட மாறாமல்.