நோர்வேயிலிருந்து வரவேண்டிய குருவி

அப்பா நோர்வேயிலிருந்து அனுப்பிய முதல் பொதியில் எனக்கென்று இருந்தது ஒரு புத்தகம். நான் கேட்டிருந்தது காலுக்குப் போடச் சிவப்புச் சப்பாத்து. கலியாண வீடொன்றுக்காக ஊருக்கு வந்த எங்கள் தேவாலயச் சபைக்காரர் ஒருவர் பொதியைக் கொண்டுவந்து தர, பண்டத்தரிப்பு வீட்டு விறாந்தையில் பாயை விரித்து அவிழ்த்தோம். அம்மாவுக்கு ஒரு சென்ற் போத்தல், மாமாவுக்கு ஒரு டோர்ச், அயலுக்குப் பங்கிடச் சொக்கிலேற், கடைசியில் செங்கல் பாரத்தில் அந்தப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் பறவைகள். எழுத்தெல்லாம் நோர்வே மொழி. அதை வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் என்ன, யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே இருந்திருப்பாரோ தெரியாது. பத்து வயதுக்காரிக்கு இதைவிடப் பெரிய அநியாயம் நடக்க முடியாதென்று நினைத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். புத்தகத்தை வாங்கிக் கையால் பாரம் பார்த்துவிட்டு, உன்ரை கொப்பர் தான் வராமல் குருவியளை அனுப்பிப்போட்டார் என்றார். அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்துக்குப் பொலித்தீன் உறை போட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள், ஒருநாளும் பாவிக்காத தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் எங்கள் ஊரில் போய்ச்சேரும் இடம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, கை கழுவித் துடைத்த பிறகு மட்டும் நான் அதைத் திறந்து பார்க்கலாம். வேதப்புத்தகத்துக்குக்கூட அம்மா இப்படிச் சட்டம் வைத்ததில்லை.

அப்பா போனபோது எனக்கு ஏழு வயது. சண்டை முடிந்த பிறகும் அவரைத் தேடி இரண்டு தரம் ஆட்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். அதனால் ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்து எங்கெங்கோ சுற்றி நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருடைய அகதிக் கேஸ் முடியவில்லை. முடியாமல் அவருக்கு இங்கே வரவும் முடியாது, எங்களை அங்கே கூப்பிடவும் முடியாது. இது வீட்டில் நாளுக்குப் பத்துத் தரம் கதைபட்ட விசயம். ஆனால் நான் ஒருவரிடமும் சொல்லாத விசயம் ஒன்று இருந்தது. அப்பாவின் முகம் எனக்கு மறந்துகொண்டு வந்தது. படத்தைப் பார்த்தால் தெரியும். கண்ணை மூடினால் வராது. பெற்ற தகப்பனின் முகத்தை மறக்கிற பிள்ளை உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று நினைத்து வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் அப்பா எடுப்பார். அம்மாவின் சின்ன நோக்கியாவை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்து, இரண்டு பேரும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு இருப்போம். புத்தகம் வந்த கிழமை அப்பா ஒரு பக்கத்தைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். மூலை மடித்திருந்தது. கறுப்புத் தொப்பி, தடித்த சொண்டு, நெஞ்சு முழுக்க நல்ல சிவப்பு. அது தன்னுடைய அறை யன்னலுக்கு நாளும் வருகிறது, பனி கொட்டிக் கிடந்தாலும் வருகிறது, தான் அதற்குத் தானியம் போடுகிறேன் என்றார். வேலை முடிந்து வந்தால் கதைக்க அது ஒன்றுதான் என்றும் சொன்னார். அதற்கு நாங்கள் சிவப்பு நெஞ்சன் என்று பெயர் வைத்தோம். எப்ப வருவீங்கள் என்று நான் வழமைபோலக் கேட்க, வழமையான பதிலுக்குப் பதிலாக அப்பா வேறொன்று சொன்னார்.

"முதலிலை சிவப்பு நெஞ்சனைப் பிள்ளையிட்டை அனுப்பிவிடுறன். உவர் வந்து சேர்ந்தாரெண்டால், பின்னாலை நான் வாறன்."

பிள்ளையைச் சமாளிக்கச் சொன்ன கதை. நான் அதைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்த மாதிரி எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டு வளவுக்குள் பறக்கிற எதையும் நான் சும்மா விடவில்லை. புலுனிகள் கூட்டமாக வந்து கத்திவிட்டுப் போயின. செண்பகம் வேலியோரம் நடந்து திரிந்தது. இவையெல்லாம் பிறந்ததிலிருந்து கண்டவை, ஆருக்கு வேணும்? ஐப்பசி பிறந்து மழை தொடங்கியபோது வயல் பக்கம் மின்சாரக் கம்பியில் கவட்டை வால் குருவிகள் வந்து வரிசையாகக் குந்தின. பள்ளிக்கூட நூலகத்தில் பிள்ளைகளுக்கான சின்னப் பறவைப் புத்தகம் ஒன்று இருந்தது. விஞ்ஞானம் படிப்பித்த மிஸ் அதை எடுத்துத் தந்தார். தகைவிலான் என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. கோயிலில் சங்கீதம் வாசிக்கக் கேட்டிருந்த பெயர் கம்பியில் வந்து குந்தியிருக்கிறதே என்று எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அதே குருவியை அப்பாவின் புத்தகத்திலும் கண்ட ஞாபகம்.

அன்று புதன்கிழமை. அம்மா கிணத்தடிக்குப் போன நேரம் பார்த்து அலுமாரிப் பூட்டின் திறப்பைக் களவெடுத்தேன். இரண்டு புத்தகத்தையும் பாயில் விரித்து வைத்தால், அதே வால், அதே சிவந்த தொண்டை! அப்பாவின் புத்தகத்தில் ஒவ்வொரு பறவைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வரைபடம். தகைவிலானுடையதில் இரண்டு நிறமும் கீழ்நோக்கி ஒரு அம்புக்குறியும் இருந்தன. அம்புக்குறி எங்கே போய் முடிகிறதென்று தெரியவில்லை, அதற்கிடையில் படம் முடிந்துவிட்டது. படத்துக்குக் கீழே இருப்பது பண்டத்தரிப்பு என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை. அப்பாவிடமிருந்து எங்களிடம் வர ஒரு பாதை இருக்கிறது. இந்தச் சின்னக் குருவி வருகிறதென்றால் அவரும் வரலாம்.

இப்போது நான் உயிரியல் படிப்பிக்கிறேன். பறவைப் புத்தகம் ஒன்றை எடுத்தால் முதலில் படத்தைப் பார்க்காதேங்கோ, வரைபடத்தைப் பாருங்கோ என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். நோர்வேயின் தகைவிலான்கள் ஆபிரிக்காவுக்குப் போகின்றன. எங்கள் கம்பியில் குந்துகிறவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை. ஒன்றையொன்று கண்டே இருக்காது. சிவப்பு நெஞ்சனின் வரைபடத்தில் ஒரேயொரு நிறம், பச்சை. அம்புக்குறி இல்லை. வருடம் முழுக்க அங்கேயே இருக்கும், எங்கும் போகாது என்று அதற்கு அர்த்தம். அப்பாவும் கடைசியில் வந்தார்தான், நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, வேறொரு நாட்டுப் பாஸ்போட்டோடு, மூன்று கிழமை லீவில். நரைத்த தலையோடு படலையைத் திறந்தவரைப் பார்த்து, ஆரைத் தேடுறீங்கள் என்று கேட்டவள் நான்.

ஆனால் அந்த வருடம் எனக்குப் பச்சைக்கும் அம்புக்குறிக்கும் அர்த்தம் தெரியாது. மார்கழி போனது. தை போனது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப் பையோடு கொய்யா மரத்தடியில் குந்திவிடுவேன். சிவப்பு நெஞ்சனுக்கென்று சிரட்டையில் குரக்கன் வைத்தேன், அணில் தின்றது. திரும்பவும் வைத்தேன், திரும்பவும் அணில்.

மாசியில் ஒருநாள் அம்மாவும் மாமாவும் குசினியில் கதைத்தது காதில் விழுந்தது. அப்பாவின் கேஸைத் திரும்பவும் தள்ளுபடி பண்ணிவிட்டார்கள். விசாரணையில் எப்படியெல்லாம் கேட்பார்கள் என்று மாமா தான் போய் இருந்து பார்த்த மாதிரி விளக்கினார். வீட்டு வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, வளவுக்குள் என்ன மரம் நிற்கிறது என்று சின்னச் சின்னதாகக் கேட்பார்களாம். ஒருவரைத் தனியாக இருத்திக் கேட்டுவிட்டு, மற்றவரைத் தனியாகக் கேட்பார்களாம். ஒரு இடத்தில் பிசகினாலும் முழுக்கப் பொய்யென்று எழுதிவிடுவார்களாம். அம்மா பானையைக் கழுவிக்கொண்டே, இவருக்கு இனி எங்களிட்டை வாற எண்ணமே விட்டுப்போச்சோ தெரியாது, கதைக்கிற கதையும் குறைஞ்சு போச்சு என்றார். அம்மாவின் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அது உண்மைதான். அப்பாவின் அழைப்புகள் சுருங்கிவிட்டன. சாப்பிட்டனீங்களோ, படிக்கிறீங்களோ, சரி வைக்கிறன். பங்குனி பிறந்தபோது கம்பியில் தகைவிலான்களும் குறையத் தொடங்கின. எல்லாம் திரும்பிப் போகப்போகின்றன, அதன் பிறகு இந்த வருடம் ஒன்றும் வராது, சிவப்பு நெஞ்சன் வராவிட்டால் அப்பா வரமாட்டார். இதில் செய்ய எனக்கென்று மிஞ்சியிருந்தது ஒரேயொரு காரியம். இரண்டு நாள் யோசித்து, எங்கே வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று எல்லாவற்றையும் பாடமாக்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எடுத்தார். சாப்பிட்டாச்சோ என்று அவர் கேட்டு முடிக்க முன்னமே சொல்லிவிட்டேன்.

"அப்பா, சிவப்பு நெஞ்சன் வந்திட்டுது."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய் சொன்னால் முழங்காலில் இருத்தி வைக்கிற அம்மா. நான் தலையை நிமிர்த்தவில்லை.

எங்கை வந்து நிண்டது என்று அப்பா கேட்டார். கிணத்தடிக் கொய்யாவில் என்றேன். எந்தக் கொப்பில் என்றார். தோய்க்கிற கல்லுக்கு மேலே வளைந்து போகிற கொப்பில் என்றேன். அந்தக் கொப்பு இன்னும் நிற்கிறதோ என்றார். நிற்கிறது, நிறையக் காய் என்றேன். கிணற்றில் தண்ணீர் எந்தப் படி மட்டும் நிற்கிறது, தண்ணி அள்ளுகிற துலாக்கயிறு மாற்றியாச்சோ, பின்வேலி மாமா அடைத்தவரோ, பூவரசு பூத்திருக்கோ என்று கேட்டுக்கொண்டே போனார். மாமா சொன்ன அதே மாதிரி, சின்னச் சின்னதாகக் கேட்கிறார்! பிசகாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். துலாக்கயிறு மட்டும் உறுதியாகத் தெரியாமல் மாற்றியாச்சு என்று அடித்துவிட்டேன்.

"கொம்மாவும் கண்டவவோ?" என்றார் அப்பா.

முடிந்தது கதை என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"ஓம், நானும் கண்டனான்" என்றார் அம்மா.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீர் அப்ப எங்கை நிண்டனீர்?"

"கிணத்தடியிலைதான். உடுப்புத் தோய்ச்சுக்கொண்டு நிண்டனான்."

அப்பா, "என்ன உடுத்தியிருந்தனீர்?" என்று கேட்டார்.

குருவி வந்ததற்கும் அம்மா உடுத்ததற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் கேள்வி வந்துவிட்டது. அம்மா ஸ்பீக்கரை நிற்பாட்டி, போனைக் காதில் வைத்துக்கொண்டு எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு எல்லாம் வெளித்தது. அம்மாவைத் தனியாக விசாரிக்கிறார். நான் சொன்னதும் அம்மா சொல்வதும் ஒத்துவர வேண்டும். துலாக்கயிறு, யேசப்பா, துலாக்கயிறு என்று மேசைக்குக் கீழே கையைக் கோத்துக்கொண்டு செபம் பண்ணினேன். கதவுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் மெல்லமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் அவர்கள் கதைத்து நான் கேட்டதில்லை. நடுவில் ஒருதரம் அம்மா சிரித்த மாதிரியும் இருந்தது.

கதவு திறந்தபோது அம்மாவின் கண் இரண்டும் சிவந்து மூக்கும் சிவந்திருந்தது. பிடிபட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா நம்பினவரோ?" என்று கேட்டேன்.

"ஓம், நம்பினவர்" என்றார் அம்மா.

அப்ப வருவார்தானே என்றேன். அம்மா பதில் சொல்லாமல் என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். பதில் சொல்லாவிட்டால் ஓம் என்றுதான் எங்கள் வீட்டில் கணக்கு. வென்றுவிட்ட சந்தோசத்தில் அம்மாவின் பிடியிலிருந்து நழுவி, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு படலையடி கூட்ட ஓடினேன்.