பூலாம்பாடியில் போர் வண்டி ஏறாத வாசல்

1. தாங்குமா?

"மேஸ்திரி, நீங்க போட்ட தளந்தானே, போர் வண்டி ஏறுனா தாங்குமா?" என்று கலைச்செல்வி போனில் கேட்டபோது நான் பெரம்பலூரில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தாங்காது என்று போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்த வண்டி வீட்டு வாசலுக்கே வந்து நின்றுவிட்டதாம். பைக்கை எடுத்துக்கொண்டு பூலாம்பாடிக்குக் கிளம்பினேன்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் வீட்டு வாசல்களுக்குச் சிமெண்ட் தளம் போடுவது என் தொழில். தளம் போடும் முன் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. லாரி வாசலில் நின்று ஹாரன் அடிக்கும்போதுதான் கேட்பார்கள். சிமெண்ட் லாரிகள் ஓடிக் குண்டும் குழியுமான ரோட்டில் தினமும் இடுப்பு ஒடியப் போகிற அரியலூர்க்காரர்கூட, தன் வாசல் மட்டும் இரும்பு என்று நினைப்பார். எனக்கு எரிச்சல்தான் வரும்.

விஷயம் இதுதான். அடியில் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, நன்றாக இடித்துவிட்டு நாலு இஞ்ச் கான்கிரீட் போட்டால் காருக்குத் தாராளம். தண்ணீர் டேங்கரோ செங்கல் லாரியோ ஏறினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் விடும். மழைக்காலத்தில் அது வழியாகத் தண்ணீர் இறங்கி அடிமண் இளகும். அடுத்த லாரிக்கு ஓரம் உடைந்து விழும். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடித்தால் இன்னும் மோசம். கம்பி கட்டி ஆறு இஞ்ச் போடலாம் என்று சொன்னால், "நம்ம வூட்டுக்கு லாரி எதுக்குங்க வருது?" என்பார்கள்.

2. தளத்துக்கு அடியில்

கலைச்செல்வியின் கணவர் செல்வராசு மலேசியாவில் ஓட்டல் வேலையில் இருக்கிறார். வாசல் தளம் அவர் ஆசைப்பட்டுப் போட்டது. கலைச்செல்வி ஊரில் மூன்று கறவை மாடுகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அந்தக் கோடையில் பழைய போர் வற்றிவிட்டது. டேங்கர் தண்ணீர் வீட்டுக்கே போதவில்லை. மாட்டு வியாபாரியிடம் சொல்லிவைத்தாயிற்று. புதுப் போரில் தண்ணீர் வந்தால் மாடுகள் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும்.

கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவர் வீட்டுக்குப் பின்னால், கொட்டகை ஓரமாகப் பாயிண்ட் குறித்திருந்தார். அங்கே போக வாசல் தளத்தின் மேல்தான் ஏற வேண்டும். அந்தத் தளத்துக்கு அடியில் செப்டிக் டேங்க் இருக்கிறது. பின்னால் போரும் மாடும் இருப்பதால் எங்கள் பக்கம் பலரும் டேங்கை வாசலில் தோண்டி, மூடி போட்டு, மேலே தளத்தை இழுத்து மறைத்துவிடுவார்கள்.

"நான் பாத்து ஏத்திருவேங்க," என்றார் டிரைவர்.

"நீ பாத்துத்தாம்ப்பா ஏத்துவ. வண்டி டேங்குக்குள்ள போயிட்டா யாரு எடுக்கறது?" என்றேன். அவர் இறங்கி வந்து தளத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் இஞ்சினை அணைத்தார்.

செல்வராசு வீடியோ காலில் வந்தார். "தளத்துல ஒரு கீறல் விழக்கூடாது மேஸ்திரி. பலக போட்டு ஏத்துங்க."

"பலக வெயிட்டப் பரப்பும் தம்பி. அடியில பள்ளமா இருந்தா பலகையும் சேந்துதான் உள்ள போவும்."

நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மக்காச்சோளம் அறுத்த கொல்லை காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. டிராக்டர் வருகிற வழி ரோடு வரைக்கும் இருந்தது. அந்த மண்ணில் போர் வண்டி தாராளமாக வரும். குறுக்கே ஒரு ஹாலோ பிளாக் சுவர் மட்டும்தான். கொல்லை செல்வராசுவின் அண்ணன் கோவிந்தராசுவுடையது. பாகம் பிரித்ததில் தகராறாகி இருவரும் பேசுவதில்லை. சுவரை வைத்தது செல்வராசு.

கொல்லை வழியாக வரலாம் என்று சொன்னதும் போனில் குரல் மாறியது. "தளம் ஒடஞ்சா ஒடயட்டும். டேங்கு போனாலும் போவட்டும். கலை, நீ அவன் வாசல்ல போயி நிக்காத."

ஐந்து நிமிடத்துக்கு முன் கீறல் விழக்கூடாத தளம் அது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"சரிங்க, அப்பறம் கூப்புடறேன்," என்று கலைச்செல்வி போனை வைத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, "அண்ணே, கூட வாங்க," என்றார்.

3. சுவர்

கோவிந்தராசு சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கலைச்செல்வி படலுக்கு வெளியிலேயே நின்றார்.

"மாமா, போர் வண்டி ஒங்க கொல்ல வழியா வரணும். இல்லன்னா மாடுவளப் புடிச்சிக் குடுக்கறதுதான்."

"ஒம் புருசன் சொல்லி வந்தியா?"

"இல்ல மாமா. போவக்கூடாதுன்னாரு."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "அவன் சொல்லி வந்துருந்தீன்னா மாட்டேன்னுருப்பேன். வண்டிய வரச் சொல்லு. ஆனா செவுர எவன் வச்சானோ அவந்தான் எடுக்கணும்."

"அவரு மலேசியாவுல இருக்காரு மாமா."

"அப்ப நீ எடு."

கடப்பாரையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். முதல் கல்லைக் கலைச்செல்வி பெயர்த்தார். மீதியை நானும் போர் வண்டி ஆட்கள் இருவரும் எடுத்தோம். வண்டி உள்ளே வந்தது, காய்ந்த மண்ணில் டயர் தடம் மட்டும் விழுந்தது. மத்தியானம் வரைக்கும் வெறும் புழுதிதான் பறந்தது. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். பிறகு சேறு வந்தது, அப்புறம் தண்ணீர் பீச்சி அடித்தது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. கலைச்செல்வி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சாயங்காலம் செல்வராசு கூப்பிட்டார். கலைச்செல்வி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"வண்டி எந்தப் பக்கமா வந்துச்சு?"

"கொல்லப் பக்கமா."

"தண்ணி?"

"ரெண்டு இஞ்சு வருது. மாட்டுக்குத் தாராளம்."

"அவங்கொல்லைக்கி ஒரு பைப்ப இழுத்து வுட்டுரு. இல்லன்னா நாளைக்கிச் சொல்லிக் காட்டுவான்."

இப்போதெல்லாம் தளம் போடக் கூப்பிடுகிறவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். அடியில் என்ன இருக்கிறது? பின்பக்கம் யாருடையது? முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். இரண்டாவதற்கு, "அத ஏங்க கேக்கறீங்க?" என்று யாராவது முகத்தைத் திருப்பினால், அந்த வீட்டுக்குக் கம்பி கட்டி ஆறு இஞ்சுக்குக் குறைந்து நான் தளம் போடுவதில்லை.