காலையில் அழித்த சாவி

கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் அந்த அலுவலகத்தில் அவரைத் 'தபால்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக மெயில் சர்வரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். பழையது எதுவானாலும் உடனே தூக்கிப் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. முந்தாநாள் பேப்பரைப் பிள்ளைகள் தேடினால், "உங்கப்பா இருக்கற வீட்ல அதெல்லாம் கிடைக்குமா?" என்பாள் மனைவி.

போன வருடம் எவனோ அலுவலகத்தின் பெயரில் ஒரு கப்பலுக்குப் பொய் மெயில் அனுப்பிவிட்டான். அதன் பிறகு தபால் கறாராகச் சொல்லி வைத்தார்: எங்கள் சர்வரின் ரகசியக் கையெழுத்து இல்லாத எந்த மெயிலையும் கப்பல்கள் வாங்கக் கூடாது. முதலாளி கைகொடுத்தார். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு, மெயிலில் அந்தக் கையெழுத்தைப் போடும் சாவியை, சர்வரில் இருக்கும் ஒரு நீளமான ரகசிய எண்ணை, மாற்றினார். புதியதற்கும் பழைய பெயரையே வைத்தார். பழையதைப் பேக்கப் உட்படச் சுத்தமாக அழித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

பதினொன்றரைக்கு ஒரு பெண் வந்தாள். கப்பல் சமையல்காரர் ஒருவரின் மனைவி. மாமனார் ஆஸ்பத்திரியில் இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடக்கிறார். தூரத்துத் துறைமுகம் ஒன்றிலிருந்து கப்பல் மூன்று மணிக்குக் கிளம்புகிறது; அதற்குள் அவரை இறக்கி அனுப்பச் சொல்ல வேண்டும். விட்டால் அடுத்த கரை பதினெட்டு நாள் கழித்துத்தான்.

கேப்டனுக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்தது: கையெழுத்து பொருந்தவில்லை. சாவியின் பெயர் மாறாததால், கப்பல் பக்கத்துச் சர்வர் தன்னிடமிருக்கும் பழைய சாவியின் விவரத்தையே ஒரு நாள் முழுக்க வைத்துக்கொண்டு ஒத்துப்பார்க்கும். அந்த ஒரு நாள் கணக்கும் அவர் எழுதியதுதான். பழைய சாவி இருந்திருந்தால் அதிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்புவது ஒரு நிமிட வேலை.

"என்னண்ணா, போயிடுச்சா?"

"போய்ட்டுத் திரும்பி வருதும்மா."

"உங்க போன்லேர்ந்து அனுப்பிப் பாருங்களேன்."

"வேற எங்கேர்ந்து வந்தாலும் வாங்க மாட்டாங்க. நான்தான் அப்படிச் சொல்லி வெச்சிருக்கேன்."

கப்பலின் போன் நான்கு நாளாகப் பழுது. துறைமுக ஏஜெண்டைப் பிடித்தார். "ஆபீஸ் மெயில் வராம கேப்டன் ஒரு ஆளையும் இறக்க மாட்டாரு சார். போன வருஷத்துலேர்ந்து ரொம்பக் கண்டிப்பு" என்றார் அவர். கப்பல் மெயிலைக் கவனிக்கும் கம்பெனியிலோ, அதற்கான ஆள் நாலு மணிக்குத்தான் வருவாராம். விடாமல் முயன்றுகொண்டே இருக்கும்படி மெயிலை வரிசையில் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்காமல் திரையையே பார்த்தார் தபால்.

சுவர்க் கடிகாரம் மூன்றைத் தொட்டதும் அவள் எழுந்தாள்.

"நீங்க என்னண்ணா பண்ணுவீங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. காலையில் அழித்த சாவியைப் பற்றிச் சொல்வதற்குப் பதிலாக, மெயிலை இன்னொரு முறை அனுப்பும் பொத்தானைத் தட்டினார். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

விடியற்காலையில் மாமனார் போய்விட்டார் என்று மறுநாள் ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. எதையும் துடைத்து வைக்கிற மனிதர், வரிசையில் விட்ட நேற்றைய மெயிலை மட்டும் மறந்துபோனார். ஒரு நாள் கணக்கு முடிந்து, பத்து மணிக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்தது. அரை மணியில் கேப்டனின் பதில் வந்தது.

'தகவல் கிடைத்தது. கரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று சமையல்காரர் கேட்கிறார். பக்கத்திலேயே நிற்கிறார்.'

தபால் விசைப்பலகையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். இப்போது எழுதினால் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிடும்.